வீட்டு வைஃபையில் வெளியாள் நுழையாமல் பூட்டுவது: வரிசை மாறாமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

திருவாரூர், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் வீடு வீடாகப் போய் நெட் கோளாறு பார்ப்பது என் அன்றாட வேலை. 'நெட் இழுக்குது' என்று கூப்பிடுகிற பல வீடுகளில் லைனில் ஒரு குறையும் இருக்காது. தலைமடைக்கு வர வேண்டியது சரியாகத்தான் வந்துகொண்டிருக்கும். நடுவில் யார் யாரோ மடை திறந்து பாய்ச்சிக்கொள்வதால் கடைமடைக்கு எட்டாது.

வேகம் குறைவது சின்ன நஷ்டம். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் பெயரில் உள்ள ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண்) என்பதுதான் பெரிய ஆபத்து. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு போன மின்னஞ்சலைத் துரத்திய போலீஸ், கடைசியில் நவி மும்பையில் ஒரு குடியிருப்புக் கதவைத்தான் தட்டியது. பூட்டாமல் கிடந்த வைஃபை அது.

ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் வரிசையில்தான். எடுத்த எடுப்பில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வீட்டில் உள்ள எல்லாமே அறுந்துபோய், எதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் பழையதையே திரும்ப வைத்துவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது 8வது படியில்தான் வரும்.

1. இரண்டு சாவியைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

வைஃபை தரும் பெட்டியான ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒன்று, போனில் வைஃபை சேரும்போது கேட்பது. இன்னொன்று, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கக் கேட்பது. இதை அட்மின் பாஸ்வேர்டு என்போம்.

முதலாவது வாசல் கதவுச் சாவி. இரண்டாவது, அந்தக் கதவின் பூட்டையே மாற்றிவிடக்கூடிய சாவி. பல வீடுகளில் முதல் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இரண்டாவது, பெட்டி வந்த நாளில் இருந்தபடி 'அட்மின்' என்றே இருக்கும். வைஃபைக்குள் வந்துவிட்ட எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வைத்த பாஸ்வேர்டைப் படிக்கலாம், தனக்கென்று இன்னொரு வைஃபை பெயரே திறந்துகொள்ளலாம்.

2. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா. போனில் குறித்தால் போதாதா என்று கேட்பார்கள். நடுவில் அந்தப் போனின் நெட்டே அறுந்து நிற்கப் போகிறது, காகிதம் அறுந்துபோகாது.

ரவுட்டரின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோ. முகவரி, யூசர்நேம், ஆலையில் வைத்த பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும். சுவரில் மாட்டிய பெட்டியாக இருந்தால் கழற்ற வேண்டாம். போனை அடியில் நீட்டிப் படமெடுங்கள். மஞ்சள் நிறத்தில் மெல்லிதாக வருகிற ஃபைபர் கம்பியை மடக்கிவிட்டால் லைனே போய்விடும்.

லைன் கொடுத்த கேபிள்காரர் அல்லது கம்பெனி ஆளின் நம்பர். கூடவே ஒரு லேப்டாப்பும் லான் கேபிளும் இருந்தால் மிகவும் நல்லது, ஏனென்றால் வைஃபை அறுந்தாலும் கேபிள் வழியாக உள்ளேயே இருக்கலாம். இல்லாவிட்டால் போன் போதும்.

வீட்டில் நெட் பயன்படுத்தும் சாதனங்களின் பட்டியல். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். போன்கள் நினைவுக்கு வரும். டிவி, பிரிண்டர், மாடிக்கும் வைஃபை எட்ட வைத்த ரிப்பீட்டர், வாசல் கேமரா, மாட்டுக் கொட்டகைக் கேமரா இவை வராது. அறை அறையாக நடந்து எழுதுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால், கேமரா யார் போனில், யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது என்றும் எழுதுங்கள். கூத்தாநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் நான் இதைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். "தம்பி, கேமரா போச்சாம்ப்பா, சிங்கப்பூர்லேர்ந்து பையன் பதறுறான்." தனியாக இருக்கும் தாயைத் தினமும் அந்தக் கேமராவில் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறார். அன்றிலிருந்து கேமராவைக் கேட்காமல் நான் ரவுட்டரில் கை வைப்பதில்லை.

நேரமும் முக்கியம். ஆன்லைன் வகுப்பு, தேர்வு, வீட்டிலிருந்து வேலை இவை இல்லாத ஒரு மணி நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மின்வாரியப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளும், இடி மழை கட்டும் ஐப்பசி சாயங்காலமும் வேண்டாம்.

3. செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவது

போன் வைஃபையில் இருக்கட்டும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். விபிஎன் ஆப் ஏதும் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். இந்த இரண்டில் ஒன்று ஓடினாலும் சில போன்கள் ரவுட்டரை விட்டுவிட்டு வெளியே தேடப் போகும். 'பக்கம் திறக்கவில்லை' என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அடியுங்கள். பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 இருக்கும். ஜியோ பெட்டிகளில் 192.168.29.1. நடுவில் உள்ள கூகுள் தேடல் கட்டத்தில் அடித்துவிட்டு, வருகிற ஏதோ ஒரு வலைத்தளத்தில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். ரவுட்டரின் பக்கம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தேடல் தேவையில்லை.

ஸ்டிக்கர் அழிந்திருந்தால், ஆண்ட்ராய்டு போனில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், சேர்ந்திருக்கும் பெயரைத் தொட்டு, கீழே 'கேட்வே' என்று உள்ள எண்ணைப் பாருங்கள். அதுதான் முகவரி.

'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் இந்த ஓர் இடத்தில் மட்டும் தாண்டிப் போகலாம். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வெளியுலகச் சான்றிதழ் இல்லாததால் வருகிற எச்சரிக்கை அது.

ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் லைன் ஆள் மாற்றி வைத்திருப்பார். கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்று, நான்கு முறை தவறாக அடித்தால் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். அப்போது பதறி ரீசெட் குத்த வேண்டாம். ஏன் என்பது அடுத்த படியில்.

4. தொடக்கூடாத பக்கத்தைப் படமெடுத்து வைப்பது

உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாதீர்கள். 'வேன்' (WAN) அல்லது 'இன்டர்நெட்' என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே பிபிபிஓஇ யூசர்நேம், விலேன் எண் எல்லாம் இருக்கும். கம்பெனிக்காரர் உங்கள் வீட்டை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். இன்னொரு போனால் படமெடுங்கள், பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதை லைன் ஆளிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர், அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதென்று பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியைப் பத்து விநாடி குத்திப் பிடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். வைஃபை பழைய ஆலைப் பெயரில் எழுந்து வந்தது, நெட் வரவில்லை. ரீசெட் என்பது பாஸ்வேர்டை மட்டும் அழிப்பதில்லை. வேன் பக்கத்தில் இருந்த கம்பெனி விவரத்தையும் சேர்த்து அழித்துவிடும். லைன் ஆள் திங்கட்கிழமை வந்து விவரம் போட்ட பிறகுதான் அந்த வீட்டுக்கு நெட். ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் அவரே பத்து நிமிடத்தில் போட்டிருப்பார்.

இதே பக்கத்தில் 'டிஎன்எஸ்' என்று எண்கள் இருக்கும். இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் வழிகாட்டி அது. உள்ளே நுழைந்த கெட்டவன் முதலில் மாற்றுவது இதைத்தான். மாற்றிவிட்டால் நீங்கள் பேங்க் பெயரை அடித்தாலும் அவன் கட்டிவைத்த போலிப் பக்கத்துக்குப் போக வாய்ப்புண்டு. 'லான்' அல்லது 'டிஹெச்சிபி' பக்கத்திலும் ஒரு டிஎன்எஸ் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு, கம்பெனி கொடுத்ததுதானா என்று லைன் ஆளிடம் கேளுங்கள். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் உடையது. இவை இருந்தால் பயமில்லை.

5. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது

முதல் மாற்றம் இதுதான். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது வெளியாளும் உள்ளேயே இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் சாவி பழையபடி இருந்தால் நீங்கள் மூடுகிற ஒவ்வொன்றையும் அவன் பின்னாலேயே திறக்க முடியும்.

'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'மேனேஜ்மென்ட்', 'மெயின்டெனன்ஸ்' இவற்றில் ஒன்றின் கீழ் இது இருக்கும். குறைந்தது 12 எழுத்து வைத்து, அடிப்பதற்கு முன்பே நோட்டில் எழுதுங்கள். அடித்த பிறகு எழுதினால் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சந்தேகம் வரும். வைஃபை பாஸ்வேர்டையே இதற்கும் வைக்காதீர்கள். வைஃபையை நாலு பேருக்குச் சொல்வீர்கள், இதைச் சொல்ல மாட்டீர்கள்.

ஆலை பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: 2016ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது ஆலைகளில் வழக்கமாக வைக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டுப் பட்டியல் ஒன்றுதான். உங்கள் கேமராவின் பாஸ்வேர்டும் பழையதாக இருந்தால் அதையும் இதே நாளில் மாற்றிவிடுங்கள்.

கம்பெனி கொடுத்த சில பெட்டிகளில் 'யூசர்' என்று ஒரு கணக்கும் 'அட்மின்' என்று ஒரு கணக்கும் இருக்கும். உங்களுக்குக் கொடுத்தது யூசர் கணக்காக இருந்தால் மேல் கணக்கின் பாஸ்வேர்டு என்ன நிலையில் இருக்கிறது என்று லைன் ஆளிடம் கட்டாயம் கேளுங்கள். ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால், உங்கள் வீட்டுக்கு மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் கட்டுகிற வாடிக்கையாளர் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

மாற்றியதும் லாக்அவுட் செய்து, புதிய பாஸ்வேர்டில் மறுபடி நுழைந்து பாருங்கள். எழுதியது சரிதானா என்று இப்போதே தெரிந்துவிட வேண்டும்.

6. பின்வாசல்களை மூடுவது

டபிள்யூபிஎஸ்: பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமல் சேரும் வசதி. இதற்குள் 8 இலக்க 'பின்' நம்பர் ஒன்றும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் 4 இலக்கத்தைத் தனியாகவும் அடுத்த 3 இலக்கத்தைத் தனியாகவும் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிக்குள் முடிந்துவிடும். 2011லேயே இந்த ஓட்டை வெளியே வந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு பெரிய பாஸ்வேர்டு வைத்தாலும் இது திறந்திருந்தால் வீண். முழுவதுமாக அணையுங்கள்.

ரிமோட் மேனேஜ்மென்ட்: வெளியூரிலிருந்து ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் வழி. வீட்டுக்குத் தேவையில்லை, அணையுங்கள். டெல்நெட் என்று இருந்தால் அதையும். டிஆர்-069 என்று ஒன்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். கம்பெனிக்காரர் பெட்டியைப் பராமரிப்பது அதன் வழியாகத்தான்.

யூபிஎன்பி: உள்ளே இருக்கும் சாதனம் தானாகவே வெளியே கதவு திறந்துகொள்ள விடுவது. அணைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் விளையாட்டோ கேமராவோ நின்றால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

போர்ட் ஃபார்வர்டிங்: பட்டியல் காலியாக இருந்தால் நல்லது. ஏதாவது வரி இருந்தால் படமெடுத்துக்கொண்டு, கேமரா மாட்டிய ஆளிடம் கேட்டுவிட்டு அழியுங்கள்.

7. உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டிஹெச்சிபி கிளையன்ட்ஸ்' பக்கத்தைத் திறங்கள். நோட்டில் எழுதிய பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு உரக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஐந்து சாதனம், ரவுட்டர் காட்டியது பதினான்கு. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். தன் மொபைல் நம்பர் என்றார். வெளியே கூட்டிப்போய்க் காட்டினேன். "அண்ணே, போர்டுலயே எழுதி வச்சிருக்கீங்களே." கடைப் பெயருக்குக் கீழே, சிவப்புப் பெயின்டில், முழங்கை நீளத்துக்கு அந்தப் பத்து எண். எதிரே பஸ் நிற்கும் இடம். அங்கே நிற்கிற எந்தப் பையனுக்கும் அதை அடித்துப் பார்க்கத் தோன்றும்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகும் ஐஓஎஸ் 14க்குப் பிறகும் வந்த போன்கள், வைஃபையில் தங்கள் நிஜமான மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) காட்டாமல் புதிதாக ஒன்றைக் காட்டுகின்றன. பட்டியலில் பெயரில்லாத ஒரு சாதனம் தெரிந்தால் உடனே பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள். அது உங்கள் மருமகள் போனாகவே இருக்கலாம். வீட்டுப் போன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலைப் புதுப்பித்து, எந்த வரி மறைகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மிச்சம் நிற்பது வெளியாளாக இருக்கலாம். டிஹெச்சிபி பட்டியலில் மட்டும், அணைத்த சாதனத்தின் வரியும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அந்த வெளியாளை இந்தப் பக்கத்திலேயே 'பிளாக்' செய்வதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அவன் போனில் மேக் முகவரியை மாற்றிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் திரும்பி வரலாம். அடுத்த படி எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்றும்.

8. புதுப் பெயர், பூட்டு வகை, புதுப் பாஸ்வேர்டு

கேமரா, டிவி நிறைய உள்ள வீட்டுக்கு நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று. பெரும்பாலான பெட்டிகளில் எஸ்எஸ்ஐடி 1, 2, 3, 4 என்று பல வைஃபை பெயர்கள் திறக்க இடம் இருக்கும். பழையதை உடனே மாற்றாமல், எஸ்எஸ்ஐடி 2ல் புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சாதனமாகப் புதியதற்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசியில் பழையதை அணையுங்கள். சில கேமராக்களில் ஆப் வழியாகவே வைஃபையை மாற்றலாம், ஆனால் மாற்றும் நேரத்தில் கேமரா பழைய வைஃபையில் உயிரோடு இருக்க வேண்டும். இந்த முறையில் அது இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையே அங்கிருந்து மாற்றிவிடுவார்.

பெயர். பழைய பெயரையே வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு போனும் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டை வைத்து முட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் நெட் கெட்டுவிட்டது என்பார்கள். புதுப் பெயர் வைத்தால் குழப்பமில்லை. பெயரில் வீட்டு எண், குடும்பத்தார் பெயர், ரவுட்டர் கம்பெனி பெயர் வேண்டாம். கும்பகோணம், மாயவரம் அக்ரஹாரத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ரவுட்டர் விடும் இரண்டு அலைகளில் முதலாவது எதிர்த் திண்ணை வரை போகும். எந்தப் பெயர் எந்த வீடு என்று தெருவுக்கே அறிவிக்க வேண்டியதில்லை.

பூட்டு வகை. டபிள்யூபிஏ3 இருந்தால் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலந்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய போன்களும் சேரும். இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2, கூடவே ஏஇஎஸ். டிகேஐபி என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: பழைய, பலவீனமான முறை, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. டபிள்யூஇபி என்று இருந்தால் அது பூட்டே இல்லை. அதற்கு மேல் எதுவும் இல்லாத பெட்டியாக இருந்தால் புதிய பெட்டி வாங்குவதுதான் வழி.

பாஸ்வேர்டு. 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். 16க்குக் குறையாமல் வையுங்கள். காரணம் இதுதான்: டபிள்யூபிஏ2வில் உங்கள் போன் ரவுட்டரோடு சேரும் அந்த நொடிப் பரிமாற்றத்தை வெளியே இருப்பவன் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் ஆற அமர முயன்று பார்க்க முடியும். மொபைல் நம்பர் 6 முதல் 9க்குள் தொடங்கும் 10 இலக்கம், அதாவது மொத்தம் 400 கோடி வாய்ப்பு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு இது சில மணி நேர வேலை. பிறந்த தேதி, வண்டி நம்பர், குலதெய்வம் பெயரோடு 123 இவையெல்லாம் அதைவிடச் சீக்கிரம் விழும்.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக, இடைவெளி இல்லாமல் எழுதி, நடுவில் இரண்டு எண் போடுங்கள். முறம், நரி, உரல், மினிபஸ் என்பது போல. (இதையே வைக்காதீர்கள்.) பழமொழி, திருக்குறளின் முதல் அடி, பாட்டு வரி வேண்டாம், நாலு பேருக்குத் தோன்றுவது ஐந்தாவது ஆளுக்கும் தோன்றும்.

சொல்லைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. ழ, ள வரும் சொல்லும் நெடில் வரும் சொல்லும் தவிருங்கள். 'தாழ்ப்பாள்' என்று வைத்தால் ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் வேறு விதமாக எழுதுவார். அம்மாவுக்குப் போனில் சொல்லிக் கொடுக்கும்போது அரை மணி நேரம் போய்விடும். முறம், நரி போன்ற சொற்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் படியில் அதிகம் பேர் செய்யும் தவறு: 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை மறந்துவிடுவது. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பழைய ஆட்கள் மற்றதன் வழியாக அப்படியே இருப்பார்கள். மாடி ரிப்பீட்டரும் இதே கதைதான். அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, தனி டபிள்யூபிஎஸ் உண்டு. அங்கேயும் 5, 6, 8ஆம் படிகளைச் செய்யுங்கள்.

9. வீட்டுச் சாதனங்களை இணைக்கும் வரிசை

முதலில் உங்கள் போன், ரவுட்டர் பக்கத்தை மறுபடி திறக்க. அடுத்து ரிப்பீட்டர், ஏனென்றால் மாடியில் உள்ளவை அதைச் சார்ந்தவை. பிறகு கேமராக்கள். அதன் பிறகு டிவி, பிரிண்டர். மற்ற போன்களைக் கடைசியில் வையுங்கள். அவற்றுக்கு மொபைல் டேட்டா இருக்கிறது, காத்திருக்கும்.

வைஃபை கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேரும். இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்த வீட்டில் கேமரா சேர மறுத்தால், 5 கிகாஹெர்ட்ஸைச் சில நிமிடம் அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். ரீசெட் செய்துதான் சேர்க்க வேண்டும் என்றால், கணக்கு வைத்திருப்பவர் போனில் வரும் வரை செய்ய வேண்டாம். பல கேமராக்கள் ஒரு கணக்கோடு கட்டுண்டவை. இன்னொருவர் போனில் சேராது. கேமரா பதிவுப் பெட்டி லான் கேபிளில் இருந்தால் கவலையே இல்லை, வைஃபை மாற்றம் அதைத் தொடாது.

எல்லாம் சேர்ந்த பிறகு பழைய பெயரை அணையுங்கள். அணைக்காமல் விட்டால் செய்ததெல்லாம் வீண்.

10. விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை

கல்யாணம், தேர்த் திருவிழா, காரியம் என்று வீடு நிறையும்போது பாஸ்வேர்டு கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல நம் ஊரில் மனம் வராது. சொல்லவும் வேண்டாம். 'கெஸ்ட் நெட்வொர்க்' திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். விசேஷம் முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். வீட்டுச் சாதனம் ஒன்றும் அறுந்துபோகாது.

கெஸ்ட் உண்மையிலேயே தனியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒரு போனை அதில் சேர்த்து ரவுட்டர் முகவரியை அடியுங்கள். செட்டிங்ஸ் பக்கம் திறந்தால் அது தனியாக இல்லை. 'ஐசொலேஷன்' என்ற தேர்வு எங்கே இருக்கிறது என்று தேடி இயக்குங்கள். அந்த வசதியே இல்லாத பெட்டியாக இருந்தால், அட்மின் பாஸ்வேர்டு வலுவாக இருக்கும் வரை பெரிய மோசமில்லை.

வீட்டுப் பாஸ்வேர்டை ஒரே ஒருவருக்குத்தானே சொன்னோம் என்று நம்பியிருக்க முடியாது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் 'ஷேர்' தொட்டால் கியூஆர் கோடு வரும், பலவற்றில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். வாங்கியவர் பத்து பேருக்குக் கொடுக்க ஒரு நொடி போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வு முடிவு பார்க்கக் கேட்டால் கெஸ்ட்டைத் திறந்து கொடுங்கள். அதற்கு வீட்டுச் சாவி தேவையில்லை.

11. பூட்டு விழுந்ததா என்று பார்ப்பது

ஒரு போனில் வீட்டு வைஃபையை 'ஃபர்கெட்' செய்து, பழைய பெயர் காற்றில் தெரிகிறதா என்று பாருங்கள். மாடியிலும் கொல்லையிலும் நின்று பாருங்கள். மறந்துபோன ரிப்பீட்டர் இருந்தால் அங்கேதான் தெரியும். புதுப் பெயரில் தவறான பாஸ்வேர்டு அடித்து, மறுக்கிறதா என்று பாருங்கள்.

மறுநாள் இரவு ஒன்பது மணி வாக்கில் சாதனப் பட்டியலை மறுபடி திறங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. நோட்டில் உள்ள எண்ணிக்கையும் திரையில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் முடிந்தது. மீண்டும் கூடுதலாகத் தெரிந்தால் வீட்டுக்குள்ளிருந்து யாரோ பகிர்ந்திருக்கிறார்கள்; திட்டாமல் கேளுங்கள், பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

12. ஃபர்ம்வேர்

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள் இது. கடையில் நீங்களே வாங்கிய ரவுட்டராக இருந்தால் 'அப்டேட்' பக்கத்தில் புதியது இருக்கிறதா என்று பாருங்கள்; தானாகப் புதுப்பிக்கும் தேர்வு இருந்தால் இயக்கிவிடுங்கள். கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் நீங்கள் செய்ய வேண்டாம், அவர்களிடம் கேளுங்கள். இணையத்தில் கிடைத்த கோப்பை ஏற்றினால் கம்பெனி லைனோடு சேராமலே போய்விடலாம்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் பெட்டி செத்துவிடலாம். இன்வெர்ட்டரில் ரவுட்டர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். இதைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் அதுதான்: இதில் ஏதாவது ஆனாலும் மற்ற விவரமெல்லாம் நோட்டில் இருக்கும்.

13. நேரம் வீணாகும் இரண்டு வேலைகள்

வைஃபை பெயரை மறைப்பது. மறைந்த பெயரைக் கண்டுபிடிக்கும் ஆப்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதோடு, மறைத்த பெயரைத் தேடி உங்கள் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகும்.

மேக் ஃபில்டர், அதாவது குறித்துக் கொடுத்த மேக் முகவரிகளை மட்டும் உள்ளே விடுவது. 7வது படியில் சொன்ன காரணம்தான். உங்கள் வீட்டுப் போன்களைத்தான் அது அதிகம் தடுக்கும்.

14. மறுபடி எப்போது செய்ய வேண்டும்

மாடியில் குடியிருந்தவர் காலி செய்தால், போன் தொலைந்தால், பெட்டியைப் பிரித்துப் பார்த்த வெளியாள் யாராவது வந்து போனால், அட்மின், வைஃபை பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். உங்கள் இணைப்பைப் பயன்படுத்தி யாரோ மோசடி செய்ததாகத் தெரிந்தால் முதலில் சாதனப் பட்டியலைப் படமெடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எல்லோரும் மறக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கி ரவுட்டர் கருகிப் போகும். லைன் ஆள் மறுநாள் புதுப்பெட்டி மாட்டி, 'நெட் வந்துடுச்சு சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பெட்டியில் அட்மின் பாஸ்வேர்டு ஆலையில் வைத்தது, டபிள்யூபிஎஸ் திறந்திருக்கும், வைஃபை பாஸ்வேர்டு உங்கள் மொபைல் நம்பராகவே இருக்கும், ஏனென்றால் அவர் கையில் இருந்த ஒரே விவரம் அதுதான். அவர் ஏணியை எடுப்பதற்குள் நோட்டை எடுத்து 3வது படியிலிருந்து தொடங்குங்கள். 8வது படியில் வைத்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்தால் கேமராவும் டிவியும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டாம் முறை இருபது நிமிடம்தான் ஆகும். நோட்டை ரவுட்டர் பக்கத்தில் தொங்கவிடாமல் பீரோவில் வையுங்கள்.